இரண்டாவது ஆள் பக்கம்

லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பெனியில் வைத்திருந்த பெயர் கிணத்தார். பகலெல்லாம் கட்டடங்களுக்குள்ளே, லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுக் கிணற்றில்தான் அவருக்குக் குடித்தனம். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பேச ஆள் கிடையாது. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்துக்கு மேல் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அம்மா இருந்தவரை தங்கை வாரம் தவறாமல் வந்தாள். அம்மா போன பிறகு போன் மட்டும் வந்தது. அதுவும் போகப் போக "அப்புறம் பேசறேண்ணா" என்று சுருங்கிப் போனது.

அவளை வரவழைக்கத்தான் அந்தப் பெட்டி.

சின்ன வயதில் அவர்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஆள் உயரப் பெட்டி, நடுவில் திரை, கீழே இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் குச்சியும் பட்டன்களும். இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தங்கை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு விமானம் ஓட்டுவார்கள். அவள் விமானம் வெடித்துவிட்டால் உடனே அண்ணனின் குச்சியைப் பிடித்து ஆட்டிவிடுவாள். "நீ மட்டும் உசுரோட இருப்பியா?"

அதே மாதிரி ஒரு பெட்டியை ஹாலில் தானே செய்து நிறுத்துவது என்று முடிவெடுத்தார். அட்டையில் பக்கவாட்டு வடிவத்தை வரைந்து மரக்கடைக்கு எடுத்துப் போனார்.

கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்க இது? பீரோ மாதிரியும் இல்ல, சவப்பெட்டி மாதிரியும் இல்ல."

"வீடியோ கேம் பெட்டி."

"பசங்களுக்கா?"

"தங்கச்சிக்கு."

"எத்தனாவது படிக்குது?"

"அதோட பொண்ணே காலேஜ் முடிக்கப் போகுது."

கடைக்காரர் அட்டையைப் பலகை மேல் வைத்துக் கோடு இழுத்தார். பிளைவுட்டைப் பிசிறில்லாமல் அறுத்துக் கொடுத்தார்.

லீவு நாளெல்லாம் ஹாலில் மரத்தூள் பறந்தது. பழைய குண்டு டிவியைச் சாய்த்து உள்ளே பொருத்தினார். பெட்டியின் நெற்றியில் கண்ணாடிப் பலகை வைத்து அதன் பின்னால் ட்யூப்லைட் போட்டார். விளிம்பெல்லாம் சிவப்பு ரப்பர் பட்டி. பழைய விளையாட்டுகளை ஏற்றிய சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று அடியில் உட்கார்ந்தது.

தன் பக்கத்துப் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திச் சோதித்தார். வலது பக்கத்தை மட்டும் தொடவில்லை. வயரை மாட்டி மூடியதோடு சரி. அது அவள் பக்கம். முதல் கை அவள் கையாகத்தான் இருக்க வேண்டும்.

போன் போட்டார். "பாப்பா, கேம் கடையை வீட்டுக்கே கொண்டாந்துட்டேன். வர்றியா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! "லூசாண்ணா நீ? சரி, ஞாயித்துக்கிழமை வரேன்."

வந்தாள். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, கைப்பையைக்கூடக் கழற்றாமல் பெட்டி முன்னால் போய் நின்றாள். "அய்யோ, அப்படியே இருக்குண்ணா! சீக்கிரம் போடு. அவரு கீழ கார்லயே உக்காந்திருக்காரு, நிறுத்த இடமில்ல. போற வழியில எட்டிப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

போற வழியில. கிணத்தார் அதைக் காதில் வாங்காத மாதிரி சுவிட்சைப் போட்டார்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டு விமானங்கள் வந்தன. அவள் கையே வைக்கவில்லை. அவளுடைய விமானம் சடசடவென்று சுடத் தொடங்கியது. பட்டனை அழுத்தினாள். நின்றது. விட்டாள். மறுபடியும் சடசட.

"என்னண்ணா இது, தொட்டா நிக்குது, விட்டா சுடுது? எங்க மாமியார் மாதிரியே இருக்கு!"

அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பட்டன் சுவிட்சில் வயர் மாட்ட இரண்டு கால்கள் உண்டு. ஒன்றில் மாட்டினால் அழுத்தும்போது மின்சாரம் ஓடும். மற்றதில் மாட்டினால் அழுத்தும்போது அறுந்து நிற்கும். லிஃப்டில் 'நிறுத்து' பட்டனுக்கு எப்போதும் இரண்டாவது கால்தான். முப்பது வருஷக் கை, யோசிக்காமல் அதிலேயே மாட்டியிருக்கிறது. பிடுங்கி அடுத்த காலில் சொருகினால் தீர்ந்தது.

பலகையைத் திறந்தார். சொருகப் போன கை நின்றது. சரியாகிவிட்டால் ஒரு ஆட்டம் ஆடுவாள். பாதியிலேயே கிளம்பிவிடுவாள். சரியாகாதவரை இங்கேதானே நிற்க வேண்டும்?

"டார்ச்சைக் கொஞ்சம் பிடி பாப்பா."

பிடித்தாள். அவர் எல்லா வயரையும் உருவினார். மகளின் படிப்பைக் கேட்டார், முட்டி வலியைக் கேட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டே தோளோடு தோள் ஒட்டிக் குனிந்து நின்றாள். வயரைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"உன் பக்கம் நல்லாத்தானே ஓடுச்சு? அதை ஏன் கழட்டுற?"

"எதுக்கும் பாத்துடறது நல்லது."

"இந்த வேகத்துல வேலை பாத்தா லிஃப்ட்ல மாட்டுனவன் ரிட்டையரே ஆயிடுவான்."

இருவரும் சிரித்தார்கள். போன் அடித்தது. "இதோ வந்துட்டேங்க" என்றாள். சிறிது நேரத்தில் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை எடுக்காமல் டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள்.

"இதோ, முடிஞ்சுது பாப்பா. ஒரே ஒரு ஆட்டம்."

"நேரமாச்சுண்ணா." செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போன்னு சொல்லியிருந்தா சும்மாவே உக்காந்து பேசியிருப்பேன். ஆட்டமாவது ஆடியிருக்கலாம், இல்ல பேச்சாவது பேசியிருக்கலாம்."

படியில் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. கீழே கார் கதவு சாத்தப்பட்டது.

கிணத்தார் வயர்களைச் சரியான கால்களில் சொருகினார். கடகடவென்று முடிந்துவிட்டது. பலகையை மூடி ஆட்டத்தைப் போட்டார். இரண்டு விமானங்கள் வந்தன. வலது பக்கம் இப்போது ஒழுங்காக இருந்தது. யாரும் தொடாததால் அசையாமல் நின்றது. எதிரியின் முதல் குண்டிலேயே வெடித்தது.

குச்சியைப் பிடித்து ஆட்ட யாருமில்லை. அவருடைய விமானம் மட்டும் உயிரோடு போய்க்கொண்டிருந்தது.

ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு பலகையை மறுபடியும் திறந்து, அவள் பக்கத்து வயரை மட்டும் உருவி, தப்பான காலிலேயே மாட்டினார். ஆட்டத்தைப் போட்டதும், யாரும் தொடாமலே அவள் விமானம் சடசடவென்று சுடத் தொடங்கியது.