ஸ்டெர்கோரியாவும் குப்பாத்தாளும்

ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய கல்லறைக் கற்களில் பெயர் பொறுக்குவதுதான் ரேகாவின் வேலை. பிரான்சிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் கற்களின் படங்களை அனுப்பும். இங்கே பெர்ன்ஹில் மலையூரில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, தேய்ந்த லத்தீன் எழுத்துகளைப் படித்து, பெயருக்கு என்ன பொருள் என்று எழுதி அனுப்புவாள். கரடி என்று ஒருத்தர், ஓநாய் என்று ஒருத்தர். கல் செதுக்கியவன் எழுத்தை விழுங்கிவிட்டதால் அரைப்பெயரோடு படுத்திருப்பவர்களும் உண்டு. எல்லோரையும் அவளுக்குப் பிடிக்கும்.

தன் பெயரில் மட்டும் அவளுக்கு அந்தத் தாராளம் கிடையாது. சான்றிதழ்களில் அவள் குப்பாத்தாள். பள்ளியில் பட்டது போதுமென்று கல்லூரியில் ரேகா ஆகிவிட்டாள். முறைப்படி பெயர் மாற்றவும் விண்ணப்பித்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் சம்பளம் போடுகிறவர்களைத் தவிர அங்கே வேறு யாருக்கும் அந்தப் பழைய பெயர் தெரியாது.

அந்த நேரத்தில்தான் ஸ்டெர்கோரியாவின் கல் வந்தது. ‘இங்கே அமைதியில் உறங்குகிறாள், நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தாள்.’ பெயரின் வேர்ச்சொல்லுக்குப் பொருள் சாணம், எரு.

“பெற்ற பிள்ளைக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா?” என்றாள் வீடியோ அழைப்பில் குழுத் தலைவி மார்த்தா. “குப்பையில் கிடைத்த அனாதையாக இருக்கும்.”

ரேகாவுக்குக் காது சுட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கரண்ட் போய்விட்டது. நல்லதாய்ப் போயிற்று என்று கீழே இறங்கினாள்.

சமையலறையில் அம்மா தனபாக்கியம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ரேகா விஷயத்தைச் சொன்னாள்.

“அனாதையாவது ஒண்ணாவது,” என்றாள் அம்மா. “உனக்கு முந்திப் பொறந்த ரெண்டும் தங்குல. மூணாவதையும் சாமி பாத்துறக் கூடாதுன்னுதான் உன்னக் குப்பையில போட்டு எடுத்து, அந்தப் பேர வெச்சேன். அந்தப் பொம்பள எத்தன வயசு இருந்தாளாமா?”

“நாப்பது.”

“அப்பப் பேரு வேலை செஞ்சிருக்குது.”

ரேகா ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். “நான் பேர மாத்துறதுல உனக்கு வருத்தமாம்மா?”

“எனக்கென்ன அம்மிணி? நீதான் பொழச்சுக்கிட்டியே. பிடிச்ச பேர வெச்சுக்க.”

கரண்ட் வந்ததும் ரேகா மறுபடி மார்த்தாவை அழைத்து, அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.

“ஊர் வேறு, காலம் வேறு. முடிவாக எழுத முடியாது,” என்றாள் மார்த்தா.

“முடிவாக வேண்டாம். இப்படியும் இருக்கலாம் என்று எழுதுவோம். என் பெயரே அதுதான். குப்பாத்தாள்.”

மார்த்தா அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். முதலில் ‘கூபத்தல்’ என்று வந்தது. ரேகா சிரித்துக்கொண்டே திருத்தினாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்வது அதுவே முதல் தடவை.

பெயர் மாற்றம் அரசிதழில் வந்தது. ஆனாலும் கட்டுரை வெளியானபோது அவள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட பெயர் குப்பாத்தாள் ரேகா. அம்மாவிடம் போனில் காட்டினாள். அம்மா அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கல்லின் படத்தைத்தான் விரல்களால் பெரிதாக்கினாள்.

“இவளோட அம்மா பேரு போட்டிருக்குதா?”

“இல்லம்மா.”

“எத்தன புள்ளைக போச்சோ பாவம், பெத்தவளுக்கு,” என்று சொல்லிவிட்டு அம்மா குக்கரை அணைக்கப் போனாள்.