லோ வோல்டேஜ்

...அடித்துத்தான் கேட்கவேண்டும், மண்டையைப் பிளந்து கேட்கவேண்டும், புதுக்கடைச் சந்தையில் இத்தனை பேர் மீனுக்கு விலை பேசிக்கொண்டு நிற்க, யேசுரத்தினம் மட்டும் ஏன் மண்ணுக்குள் போனான் என்று... பெமிலா நடக்கவில்லை, பாய்ந்தாள். போன வாரம் ஒரு புதுவீட்டுச் சுவரோடு ஒட்டிக் கரிந்து கிடந்தானே புருஷன், அந்த வேலைக்கு அவனை அனுப்பியது காண்ட்ராக்டர் தாணுதானே. லோ வோல்டேஜ் வேலைதான் ஏட்டி, பேடிக்காத, பயப்பட ஒண்ணுமில்ல, தாணு அண்ணன் எடுத்திருப்பதும் லோ வோல்டேஜ் லைசென்ஸ்தான் என்று தினமும் சொல்லிவிட்டுத்தானே போனான், அவளும் நம்பினாளே, சாயங்காலம் பல்பு மங்கி ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றுமே, அதற்குத்தானே ஊரில் லோ வோல்டேஜ் என்று பேர், அந்த நோஞ்சான் கரண்டு ஆளையா கொல்லும்? காலையில் விசாரிக்க வந்த மின் ஆய்வாளர் எவ்வளவு சாவகாசமாகச் சொன்னார், சட்டப்படி இருநூற்றைம்பது வோல்ட் வரை லோ வோல்டேஜ்தானம்மா, வீட்டுக் கரண்டே அதுதான், ஆளைக் கொல்லும், லைசென்ஸ் எடுத்தவர் மேற்பார்வைக்கு ஆள் நிறுத்தவேண்டும், நிறுத்தவில்லை... நிறுத்தவில்லையாம்!

தாணுவின் கடைக்குள் கண்ணாடி போட்டு மாட்டிய லைசென்ஸ், அதற்குச் சந்தனப் பொட்டு வேறு. எர்த்துக்குப் புதைக்கும் இரும்புக் குழாயை எப்போது எடுத்தாள், கண்ணாடி எப்போது சிதறியது, தெரியாது, அடுத்த அடி தாணுவின் தோளில், அதற்கடுத்தது நெற்றியில், ரத்தம் புருவத்தில் இறங்குகிறது, ஏன் தடுக்கமாட்டேன் என்கிறான், தூக்கடா கையை, தூக்கினால் அதையும் ஒடிப்பேன்.

"ஏலே தாணு, வீட்டுக் கரண்டுதான் லோ வோல்டேஜுன்னு அவருட்ட ஒரு வார்த்த சொன்னியாலே?"

"சொன்னேன் பெமிலா. லைசென்ஸ் கிட்டுன அன்னைக்கே சொன்னேன்." ரத்தத்தைத் துடைக்காமலே பேசினான். "அவன் சிரிச்சான். பெமிலாட்ட சொல்லிராதயும் அண்ணே, பேடிச்சு என்னைய வேலைக்கு விடமாட்டா, அப்படின்னான். ஆளு நிறுத்தாதது என் தப்புதான்... அடி."

பொய், தலை தப்பப் பொய் சொல்கிறான்... ஆனால் அந்தச் சிரிப்பு? யேசுரத்தினம் எதை ஒளித்தாலும் சிரிப்பானே, ஏணியிலிருந்து விழுந்து விலா ஒடிந்ததைக்கூட ஒரு வாரம் சிரித்தே மறைத்தவனாயிற்றே. அப்படியென்றால் தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் அவள் முகத்தைப் பார்த்து, பேடிக்காத என்று... ஓங்கிய குழாய் ஓங்கியபடியே நின்றது. கைவெறி அடங்கவில்லை, இன்னும் அடிக்கவேண்டும், எலும்பு நொறுங்க அடிக்கவேண்டும், அந்தப் பொய்க்காரனை, செத்துத் தொலைந்தவனை, எங்கே போய் அடிப்பது?