மீன் வயிற்றில் ஈயம்

செத்த மீனை வீட்டுக்குத் தூக்கி வந்ததுதான் குத்புதீன் செய்த தப்பு. வேறு எவனாவது இருந்தால் ஏரிக்கரைக் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு வந்திருப்பான். கீழக்கரையில் பிறந்தவனுக்கு மனசு வருமா? மூணு கிலோ மீனை வீண் பண்ணினால் அல்லாஹ் சும்மா விடுவானா?

அன்றைக்குத்தான் அவனும் ஹஸ்னைனும் சேர்ந்து மீன்பிடிப் போட்டியில் முதல் பரிசு ஜெயித்திருந்தார்கள். இருபதாயிரம் டாலர் பெறுமான புது போட். பிடித்த மீன்களை உயிரோடு எடை போட்டு, திரும்ப ஏரியில் விட்டுவிட வேண்டும். ஒன்று மட்டும் செத்துப்போனது. ஹஸ்னைன் கோப்பையோடு போட்டோவுக்கு நின்ற நேரத்தில், இவன் அதை ஐஸ்பெட்டிக்குள் போட்டுக்கொண்டான்.

டெக்சஸின் சுகர் லேண்ட் ஊரில் இருந்த வீட்டில் மனைவி ரோஷன் பேகம் மீன் வயிற்றைக் கீறினாள். சிங்க்கில் டங்கென்று ஈயக்குண்டு விழுந்தது. ஒன்றல்ல, நாலு.

"என்னங்க இது, மீனு ஈயத்தத் தின்னுமா?"

எடை கூட்ட ஹஸ்னைன் திணித்த வேலை என்று குத்புதீனுக்கு உடனே புரிந்தது. ஹஸ்னைன் சும்மா கூட்டாளியா என்ன? இவன் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி. இவனுக்கு கிரீன் கார்டு ஸ்பான்சர் பண்ணுகிறவன். ஊர் வழக்கப்படி அண்ணன் முறைக்கு 'காக்கா' என்றுதான் கூப்பிடுவான். உடனே போன் போட்டான்.

"காக்கா, மீனுக்குள்ள ஈயம் இருக்கு."

"அத ஏண்டா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனே, அல்பப் பயலே?"

"டெக்சஸ்ல இது கிரிமினல் கேஸு காக்கா. பத்தாயிரத்துக்கு மேல பரிசுன்னா ஜெயிலு."

"எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை போட் வாங்கறப்ப, மோசடி எதுவும் பண்ணலன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நீ போடலன்னா நான் உள்ள போவேன். கம்பெனிய மூடணும். அப்புறம் உன் கிரீன் கார்டு? ஆறு வருஷமாக் காத்துக் கெடக்கறே. யோசிச்சுக்க."

ரோஷன் ஈயத்தை டிஷ்யூ பேப்பரில் பொட்டலம் கட்டி அவன் முன்னால் வைத்தாள். "போட்டி நடத்தறவங்ககிட்ட சொல்லிடுங்க. போனாப் போகுது, ஊருக்குப் போயிருவோம்."

"வாய மூடு. இனாயா படிப்பு என்னாகுறது?" என்று எரிந்து விழுந்தான். மகள் பெயரை இழுத்துப் போட்டால் தன் பயம் மறையும் என்று நினைப்பு.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டான். போட்டியில் இரண்டாவதாக வந்த வெள்ளைக்காரப் பெரியவர் வந்து கை குலுக்கினார். பாவி குத்புதீன், அந்த மனுஷன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறு மாசத்தில் கிரீன் கார்டு இன்டர்வியூ வந்தது. "கைதாகாமல் தப்பிய குற்றம் ஏதாவது செய்ததுண்டா?" என்று ஆபீசர் ஃபாரத்தைப் பார்த்துப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஷன் தரையைப் பார்த்தாள்.

"இல்லை" என்றான்.

கார்டு வந்த அன்றைக்கே வேறு வேலைக்கு ரெஸ்யூமே தயார் பண்ண உட்கார்ந்தான். இனி இந்த ஆள் மூஞ்சியிலேயே முழிக்க வேண்டாம் என்று அத்தனை சந்தோஷம். அப்போது போன் அடித்தது.

"முபாரக்டா தம்பி, கார்டு வந்துருச்சாமே! மார்ச் மாசப் போட்டிக்கு நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன்."

"நான் வரல காக்கா."

"இன்டர்வியூல குற்றம் பண்ணலன்னுதானே சொன்னே? அது பொய்யின்னு தெரிஞ்சா கார்டு உங்கிட்ட இருக்குமா? நான் உள்ள போனாலும் வெளிய வந்துருவேன், நீ ஊருக்குத்தான் போகணும். இந்தத் தடவ ஈயத்த உன் கையாலயே போடு."

மேஜையில் புதுக் கார்டு கிடந்தது. போட்டோவில் அவன் சிரித்த முகமாக இருந்தான்.

"எத்தன மணிக்கு வரணும் காக்கா?" என்று கேட்டான் குத்புதீன்.