திரும்புவதற்கு இடம்

சிவப்பு விழுந்துகொண்டிருக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, பக்கத்து இருக்கையிலிருந்து தாதி லூசி விமானத்தின் ஜன்னலால் ஒவ்வொன்றாக வீசுகிறாள், பட்டுத்துண்டு ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் இரும்பு நட்டு முடிந்திருக்கிறது, வானமும் வெள்ளை, கீழே உறைந்து கிடக்கும் ஏரியும் வெள்ளை, எது எங்கே முடிகிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை, உயரம் காட்டும் முள் கடல் மட்டத்திலிருந்து கணக்குச் சொல்லுமே தவிர இந்தப் பனி எங்கே தொடங்குகிறது என்று சொல்லாது, நாலாவது துண்டு போய் விழுந்து அசையாமல் கிடந்தபோதுதான் வதனிக்கு ஏரி பிடிபட்டது, ஓகோ, அங்கேயா ஒளிந்திருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டு சிவப்புக்குப் பக்கத்தில் விமானத்தின் சறுக்குக் கட்டைகளை இறக்கினாள், கரையில் கூடாரத்துக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு மனுசியை ஏற்றிக்கொண்டு உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தாள், அது நடந்து பத்தொன்பது வருடம், ஆனால் கண்ணை மூடினால் இன்றைக்கும் அதே சிவப்புத்தான், அதே நிதானத்தில் விழுகிறது, விழுந்து முடிவதேயில்லை.

கண்ணைத் திறந்தால் மரக்குடிசை, அடுப்பு, கருகிய கோப்பி மணம், அக்கா எழும்பிட்டா என்று ரூபன் குரல் கொடுக்கிறான், கனடாவின் வடமேற்கு மலைகளுக்குள், தெருவே போடாத இடத்தில், விமானங்களுக்கு எரிபொருள் சேர்த்து வைக்கும் ஏரிக்கரை இது, மூன்றாம் நாளாக முகில் இறங்கி ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறது, வெளியே அவளுடைய விமானமும் பியேருடைய விமானமும் கட்டிப்போட்ட மாடுகள் மாதிரிப் பக்கம் பக்கமாக நிற்கின்றன. வதனிக்கு ஐம்பத்தேழு வயது, காரைநகரில் பிறந்தவள், ஒற்றை எஞ்சின் விமானத்தில் இந்த மலைகளுக்குள் மாவும் மருந்தும் மனிதர்களும் சுமக்கத் தொடங்கி இருபத்தாறு வருடம், ரூபன் பருத்தித்துறைக்காரன், அவளைவிடப் பத்து வயது இளையவன், அவளுடைய விமானத்துக்கு மெக்கானிக், பியேர் கியூபெக்கில் பிறந்து அவளைப் போலவே இங்கே பறந்து பறந்து தலை நரைத்தவர், அவருடைய உடைந்த ஆங்கிலம், வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அவள் காதில் இப்போதெல்லாம் ஊர்த் தமிழாகவே விழுகிறது. மேசையில் கோப்பிக் கோப்பைக்கு அடியில் அந்தக் கடிதம் கிடக்கிறது, விமானக் கம்பனியின் தளத்திலிருந்து பியேர் கொண்டுவந்தது, போன கிழமை நில அளவையாளன் ஒருவனை ஏற்றிக்கொண்டு போனபோது, போய்ச் சேர இருபது நிமிடம் இருக்கையில், பள்ளத்தாக்கின் மறுமுனையில் முகில் இறங்குவதைக் கண்டு வதனி திரும்பிவிட்டாள், அதே வழியால் இரண்டு மணித்தியாலம் கழித்துப் பியேர் போனார், முகிலும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, வானம் துடைத்து வைத்ததுபோல் கிடந்ததாம், அளவையாளன் முறைப்பாடு எழுதினான், மேலாளர் கிரெய்க் அவளே சொல்வதுபோல் இந்தக் கடிதத்தை எழுதினான், தேவையில்லாமல் திரும்பியது என் பிழை, இனிமேல் திரும்புவதற்கு முன் ரேடியோவில் அலுவலகத்தைக் கேட்டு அனுமதி பெறுவேன், அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. வைத்தால் ஓய்வு வரும்வரை இன்னும் இரண்டு வருடம் பறக்கலாம், வைக்காவிட்டால் தளத்தில் இறங்கியதும் விமானத்தின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இஞ்ச பாரும் வதனி, என்கிறார் பியேர், கேட்டுத்தான் திரும்புவம் எண்டு நானும் எழுதிக் குடுத்தனான், மற்ற நாலு பேரும் குடுத்திட்டினம், உது வெறும் கடுதாசி, வைச்சுப்போட்டு மேல போனாப் பிறகு உம்மட எண்ணப்படி பறவும், ஆர் வந்து பாக்கப்போறான். ஓம் அக்கா, ரெண்டு வருசம்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு வையுங்கோ என்று ரூபனும் ஒத்து ஊதுகிறான், வதனி கோப்பியை ஊற்றுகிறாள், இருபத்தாறு வருடத்தில் ஏற்றிய ஒருவரையும் சாகக் கொடுக்காதவள், இருபத்தாறு வருடமும் அது எப்படி முடிந்தது என்று இந்தக் கிரெய்க் ஒருநாள் கேட்டானா.

முகில் பிடித்து வைத்தால் கதை சொல்வது இவர்களுடைய வழக்கம், அதற்கு ஒரே ஒரு விதி, செத்தவன் பிழையைச் சொல்லக் கூடாது, இருக்கிறவன் தன் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும், இன்றைக்குப் பியேரின் முறை, நூறாவது தடவையாக அதே கோடைகாலத்து ஏரி, காற்றே இல்லை, தண்ணீர் கண்ணாடி, விமானத்தின் மிதவைகள் தண்ணீரைத் தொடப்போகின்றன என்று நம்பி எஞ்சினைக் குறைத்தார், பார்த்தால் இன்னும் மூன்று மாடி உயரம் மிச்சம், தொப்பென்று விழுந்து ஒரு மிதவை பிளந்தது, அண்டையில இருந்து அசையாத தண்ணியெண்டால் முதல் ஒரு பேப்பரை விரிச்சு எறிவன், அது மிதக்கிறதைப் பாத்துத்தான் இறங்குவன் என்கிறார், பேப்பரை வாசிச்சுப்போட்டோ எறிவீங்கள் என்று ரூபன் கேட்கிறான், பியேர் தொப்பியால் அவனுக்கு ஒன்று போடுகிறார். அடுத்தது வதனி, அவளுடைய மடத்தனம் முதல் வருடத்தது, தெருவில் கார் ஓட்டிப் பழகியவளுக்குப் பள்ளத்தாக்கும் ஒரு தெருவாகத்தான் பட்டது, இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டு நட்டநடுவால் போனாள், பார்க்க அழகாகத்தான் இருந்தது, முன்னால் முகில் கதவைச் சாத்தியபோதுதான் தெரிந்தது, நடுவில் போகிறவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதிப் பள்ளத்தாக்குத்தான் இருக்கிறது, பாதிக்குள் விமானம் திரும்பாது, திருப்பினாள், திருப்புகிறாள், விமானத்தின் செட்டை மலையோடு சரிகிறது, ஊசியிலை மரத்தில் தொங்கும் காய்களை எண்ணலாம், அவ்வளவு கிட்ட, இறங்கிய பிறகு பனியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், அதைச் சொல்ல அவளுக்கு இன்றும் வெட்கமில்லை. அன்றிலிருந்து வலப்பக்க மலையை ஒட்டித்தான் பறக்கிறாள், ஏறியிருப்பவர்கள் மலை மலை என்று பயந்து இருக்கையைப் பிடிப்பார்கள், பிடிக்கட்டும், முழுப் பள்ளத்தாக்கும் திரும்புவதற்காக இடப்பக்கம் சும்மா கிடக்கிறது.

அந்த இடத்தில, என்று வதனி கடிதத்தை விரலால் தட்டுகிறாள், அந்தக் காய் எண்ணுற இடத்தில, ரேடியோவை எடுத்து, ஐயா, நான் திரும்பட்டோ எண்டு கேக்கோணுமாம், மலைக்குள்ள ரேடியோ பாதி நேரம் எடுபடாது, எடுபட்டாலும் கிரெய்க் யோசிச்சு மறுமொழி சொல்ல முதல் பள்ளத்தாக்கு முடிஞ்சிடும், நீர் ஆரைக் கேட்டுப் பேப்பர் எறியிறனீர் பியேர். பியேர் தாடியைச் சொறிகிறார், அண்டைக்குப் பள்ளத்தாக்குத் திறந்துதானே கிடந்தது வதனி, என் கண்ணால கண்டனான். கிடந்திருக்கும், நான் இல்லையெண்டு சொல்லேல்ல, முகில் எனக்குப் பொய் காட்டியிருக்கலாம், நாளைக்கும் அப்பிடி ஒண்டைக் கண்டால் நாளைக்கும் திரும்புவன், எனக்குப் பின்னால வாறவளுக்கும் உந்தக் கடுதாசியைத்தான் நீட்டுவான், அவள் பயத்தில கேட்டுக்கொண்டு நிப்பாள், நிண்டு மலையில மோதுவாள், அதுக்கு நான் கையெழுத்து வைக்கேலாது. ரூபன் எழும்பி அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான்.

கேட்டுத்தான் செய்வது என்றால் அவள் இங்கே வந்தே இருக்க மாட்டாள், ஊரில் போர்க்காலத்தில் வானத்தில் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாய்ந்த சனம், விமானம் ஓட்டப் பழகுகிறேன் என்று சொன்னதும் அம்மா தொலைபேசியில், அதுவோ பிள்ளை, எங்களைக் கலைச்சதுவோ என்றாள், ஓம் அம்மா, அதுதான், இனி நான் அதைக் கலைக்கப்போறன் என்றாள் வதனி, அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, ரொறன்ரோ வீட்டில் கணவர் சிரிக்கவில்லை, ஆரைக் கேட்டுப் போய்ப் பேர் பதிஞ்சனீர் என்றார், அவளுக்கு முன்னால் கதவு சாத்தப்படுவது தெரிந்தது, திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பினாள், கைக்கு அகப்பட்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே பஸ் ஏறினாள், திறந்தால் அதற்குள் கல்யாணக் கூறைச்சேலை, கம்பளிச் சட்டை இருந்த பெட்டியை விட்டுவிட்டு இதைத் தூக்கி வந்த தன் புத்தியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். சரி, வந்தது வந்தாயிற்று, சும்மா கிடப்பானேன் என்று விமானக் கதவின் இடுக்கில் குளிர்காற்று புகாமல் அதை அடைத்து வைத்தாள், வருடக்கணக்காக அங்கேயே கிடந்தது, ஏரி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த அன்றைக்கு, அடையாளத்துக்கு எறியக் கொண்டுவந்த மரக்கிளைகள் எல்லாம் முன்னைய ஏரியில் முடிந்துபோன நேரத்தில், லூசிதான் அதை இழுத்து எடுத்தாள், இது என்ன துணி, நல்ல சிவப்பு. என்ர கலியாணத் துணி. ஐயோ, இதைக் கிழிக்கலாமோ. கேளாதை லூசி, கிழி. பட்டு கிழிந்தது, சரிகைக்கரை மட்டும் முரண்டு பிடித்தது, லூசி பல்லால் கடித்தாள், அதற்கும் மசியாமல் கத்தியால் அறுத்தாள், வதனிக்குத் துக்கம் வரும் என்று நினைத்தால் வரவில்லை, எந்தச் சபையிலும் இந்தச் சேலை இவ்வளவு உதவியாக இருந்ததில்லை என்றுதான் பட்டது. பிறகு வந்த பனிக்காலங்களில் ஒவ்வொன்றாகப் போய், இப்போது அவள் மேற்சட்டைப் பைக்குள் மிஞ்சியிருப்பது முகம் துடைக்கும் கைலேஞ்சி அளவு ஒரே ஒரு துண்டு.

மத்தியானம் முகில் பத்துப் பனை உயரத்துக்கு மேலே ஏறியது, போதும் என்றார் பியேர், வதனியும் ரூபனும் முதலில் கிளம்பினார்கள், பியேர் ஐந்து நிமிடம் பிந்தி வருவதாகப் பேச்சு, வலப்பக்க மலையை உரசிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம், தளத்து ஏரி வந்தபோது வெளிச்சம் செத்து எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது, ஆனால் கரையில் கட்டடங்கள் தெரிகின்றன, மரங்கள் தெரிகின்றன, அவளுக்கு இறங்க எந்த அடையாளமும் தேவையில்லை, அலுவலக வாசலில் கிரெய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் தெரிகிறது. வதனி கோடு வெறுமையாகக் கிடந்த கடிதத்தை எடுத்து மடித்தாள், சும்மா எறியலாம், ஆனால் வெள்ளைக் கடுதாசி பனியில் விழுந்தால் ஒருவருக்கும் தெரியாது, அது அடையாளத்துக்குக் கூட உதவாத சாமான், பைக்குள்ளிருந்து கடைசித் துண்டை எடுத்து அதற்குள் கடிதத்தை வைத்தாள், ரூபன் பார்த்துக்கொண்டிருந்தான், வேண்டாம் அக்கா என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தாள், அவன் காற்சட்டைப் பைக்குள் துழாவி ஒரு பெரிய நட்டை எடுத்து நீட்டினான், முடிஞ்சு விடுங்கோ, பாரம் காணாது. ஜன்னலைத் திறந்து ஏரியின் நடுவில் போட்டாள், போட்டுவிட்டு அதற்குப் பக்கத்தால் இறங்கி, கரையோரமாகப் போய் எஞ்சினை நிறுத்தினாள்.

நிறுத்திய கையோடு காற்று எழும்பியது, தூள்பனி கிளம்பிக் கரையைக் கட்டடத்தோடும் மரத்தோடும் சேர்த்து மூடியது, விழுந்த சிவப்பை எடுக்கக் கிரெய்க் விறுவிறென்று ஏரிக்குள் நடந்து போகிறான், ரேடியோவில் பியேர், வதனி, கரை எனக்குத் தெரியேல்ல, ஒண்டுமே தெரியேல்ல, கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல், பிறகு, சிவப்பாய் ஒண்டு கிடக்குது, உம்மடையோ. ஓம், என்ர. அப்ப அதுக்குப் பக்கத்தில இறங்கிறன், அதை விட்டால் எனக்கு நிலமே இல்லை. வதனி கதவைத் தள்ளிக் குதித்தாள், ஐம்பத்தேழு வயது முழங்கால்களோடு பனியில் ஓடினாள், கிரெய்க் அதற்குள் குனிந்து கையை நீட்டிவிட்டான். தொடாதை, என்றாள், உனக்குத்தான் போட்டனான், ஆனால் இப்ப அதில கை வைக்காதை, ஒரு மனுசன் அதைப் பார்த்துக்கொண்டு இறங்கிறான். கிரெய்க் நிமிர்ந்தான், எஞ்சின் சத்தம் வெள்ளைக்குள் எங்கோ நெருங்கிக்கொண்டிருந்தது, நீட்டிய கை நீட்டியபடியே நின்றது, அந்தக் கைக்குள் வதனி விமானத்தின் சாவியை வைத்தாள், அவன் முழங்கையைப் பிடித்துக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள், திரும்பிப் பார்த்தபோது சிவப்பு விழவில்லை, விழுந்து முடிந்து அசையாமல் கிடந்தது, வெள்ளைக்குள்ளிருந்து பியேரின் சறுக்குக் கட்டைகள் அதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.