இரண்டாம் கியர்

கோமுகி அணையைத் தாண்டி, ஏற்றத்தில் திரும்பும்போது வண்டி மறுபடியும் கத்தியது. தமிழ்வேந்தன் மிதித்தான். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் விர்ரென்று மேலே ஏறியது. சக்கரத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் ‘தட்’டென்று ஓர் இடி. பின்சீட்டில், அம்மாவின் மடியில் கிடந்த அப்பாவின் தலை குலுங்கியது.

“மெதுவாடா,” என்றாள் தைலம்மாள். “ஒடம்பு பூரா ஊசி குத்தி வெச்சிருக்காங்க.”

“நான் இன்னாம்மா பண்றது? கியர் மாற மாட்டேங்குது.”

மதியம் கள்ளக்குறிச்சியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். வாடகை ஆம்புலன்ஸ் சேலம் போயிருந்தது. காத்திருக்கப் பயந்து, கல்யாண வாடகைக்கு விடும் தன் காரிலேயே அப்பாவை ஏற்றிவிட்டான். ஒருகாலத்தில் பெரும்பணக்காரன் எவனோ வைத்திருந்த வெளிநாட்டுக் கார். ஆட்டோமேட்டிக். மாப்பிள்ளை ஊர்வலத்தில் நடைவேகத்தில் ஊர்ந்தே பழகியது. மலை ஏறியதில்லை.

மலைமேல் இருக்கும் கரியாலூர் வீட்டுக்குள் அப்பா வேடியப்பன் உயிரோடு போய்ச் சேர வேண்டும். வெளியில் செத்தவரை அவர்கள் பங்காளி வகையில் வீட்டுக்குள் எடுப்பதில்லை. அவருடைய அண்ணன் அப்படித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாக வந்து, தூறலில் தெருவில் கிடந்தார். விடியும்வரை குடை பிடித்தவர் வேடியப்பன். ‘என்ன மட்டும் தெருவுல போட்டுடாதீங்கடா’ என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன்பின் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு முனகியது. அகலமான ஒரு வளைவில் ஓரங்கட்டி, மெக்கானிக் ஜெயப்பிரகாஷைப் போனில் பிடித்தான்.

“எப்பலேர்ந்து இப்பிடி?”

“கச்சிராயபாளையம் வரைக்கும் வெண்ணெயாட்டம் மாறுச்சிண்ணே. ஏத்தத்துலதான் இழுக்காம எஞ்சின் மட்டும் கத்துது.”

“கீழ படுத்துப் பாரு. ஆயில் ஒழுவுதா?”

படுத்துப் பார்த்தான். ஈரமில்லை. கருகின வாடை முகத்தில் அடித்தது.

“ஒழுவல. தீஞ்ச நாத்தம்.”

“அப்ப ஆயில் சூடாயி நீத்துப் போச்சி. உள்ள தட்டெல்லாம் வழுக்குது. கம்ப்யூட்டரு பயந்துக்கினு ஒரே கியர்ல பூட்டிடுச்சி. ஆஃப் பண்ணி ஆற வுடு. அரை மணியாவது.”

“அப்பா உள்ள இருக்காருண்ணே.”

மறுமுனையில் குரல் தணிந்தது.

“ஆறாம ஏத்தினா பாதி மலையில படுத்துக்கும்டா. அப்புறம் டிராக்டர்லதான் இழுக்கணும். ஆறினதும் கையால ரெண்டுல போடு. எவ்ளோ கத்தினாலும் மூணுக்கு வுடாத.”

அணைத்தான். ஏசியும் செத்தது. கதவுகளைத் திறந்துவிட்டு பானெட்டையும் தூக்கி நிறுத்தினான். கியர்பாக்ஸ் அங்கே இல்லை என்று தெரியும். சூடு எந்த வழியாகவாவது போய்த் தொலையட்டும். அடியில் இரும்பு டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அம்மா முந்தானையால் விசிறியபடி பேசிக்கொண்டிருந்தாள்.

“தோ, வூட்டுக்குத்தான் போய்க்கினு இருக்கோம். பொறுத்துக்கய்யா. கல்யாணத்தன்னிக்கே என்ன ஒரு பொழுது காக்க வெச்ச ஆளுதான நீ.”

பேச்சு ஓரிடத்தில் நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தது.

“போலாம்டா,” என்றாள். “ஆறினது போதும்.”

சாவியைத் திருப்பினான். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. இரண்டில் போட்டான். எஞ்சின் அலறியது, ஆனால் இழுத்தது. முள்ளையும் ரோட்டையும் தவிர அவன் எதையும் பார்க்கவில்லை.

“அப்பா எப்பிடி இருக்காரு?”

“தூங்குறாரு.”

இன்னும் இரண்டு வளைவு போனது.

“எழுப்பிப் பாரேன்மா.”

“நீ கியர பாரு.”

கண்ணாடியில் பார்த்தான். அம்மா விசிறவில்லை. ஒரு கையால் அப்பாவின் தாடையை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்வேந்தன் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான். இப்போது வண்டி நின்றால் யாராவது உதவிக்கு வருவார்கள். வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்ற முந்தின பயமே தேவலாம் என்றிருந்தது. இரண்டிலேயே மிதித்தான்.

வீட்டு முன்னால் பங்காளிகள் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மூத்த பங்காளி முனியன். அன்றைக்கு வேடியப்பனின் அண்ணன் பிணத்தைத் தெருவிலேயே இறக்கச் சொன்னவர் அவர்தான். வழிவிடாமல் நின்றார்.

“உசிரு இருக்குதாடா?”

“இருக்குது பெரியப்பா.”

“அப்ப தூக்குங்க. வாசக்கால் நெலவுல தல இடிச்சிடப் போவுது, பாத்து.”

அவரே குனிந்து காலைப் பிடித்தார். பிடித்த கை, சில்லிட்டிருந்த காலில் அப்படியே நின்றது. நிமிர்ந்து தமிழ்வேந்தனைப் பார்த்தார். தைலம்மாளைப் பார்த்தார்.

“இன்னாடா மரம் மாதிரி நிக்கிற? அந்தப் பக்கம் புடி,” என்றார்.

நடுவீட்டில் பாயில் கிடத்தினார்கள். யாரோ கிண்ணத்தில் பால் கொண்டுவந்தார்கள். தைலம்மாள் ஒரு கரண்டி ஊற்றினாள். பால் கடைவாயில் தேங்கி நின்று, வழிந்து, காதுக்கடியில் இறங்கியது. சுற்றி நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முனியன் தோள் துண்டை எடுத்து அதைத் துடைத்தார்.

“உள்ள எறங்குது,” என்றார். “இன்னொரு சொட்டு வுடும்மா.”