கவிழ்த்த சருவங்கள்

விடிவதற்கு முன்பே ரத்னபாய் தண்ணீர் மீட்டர் குழிக்குள் இறங்கிவிட்டாள். கொல்லயில் ஊரில் குழாய்த் தண்ணீர் ஐந்திலிருந்து ஏழு மணிவரைதான் வரும். மீட்டரை அதற்குள் சோதித்தாக வேண்டும்; மற்ற வேலையைப் பிறகு பார்க்கலாம். இடவப்பாதிப் பருவமழையின் கலங்கல் முழங்காலைத் தொட்டது. தகரக் குவளையால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். மூன்று வாரமாக ஈரத்திலேயே கிடந்து விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

"குழாயைத் தொறங்க, அக்கா!" என்று வீட்டுக்காரி மார்கிரெட்டை நோக்கிக் கத்தினான் இணைப்புப் போடும் இக்னேஷியஸ்.

மீட்டர் சுழன்றது. பத்து லிட்டருக்கு அது ஒரு துடிப்பு கொடுக்கும். குழிச் சுவரில் பொருத்திய பெட்டி அந்தத் துடிப்பைக் கம்பியில்லாமல் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு அனுப்பும். கணக்கெடுக்க இனி ஆள் நடக்க வேண்டாமாம். நடக்கிற ஆளைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். கூட வேலைசெய்யும் கிருஷ்ணன்குட்டியின் கையிலிருந்த சின்னக் கருவி துடிப்பை வாங்கி 'பீப்' என்றது.

"நல்லா அடிக்குது. பின்ன என்ன குற்றம்?" என்றான் அவன்.

அதுதான் பிடிபடவில்லை. இவர்கள் வந்து நின்றால் அடிக்கும், போனதும் செத்துவிடும். அறுபது வீட்டில் இருபத்திரண்டு ஊமையாகிக் கிடந்தன. ஒப்பந்தக்காரர் சுவாமிதாஸ் நேற்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இணைப்புப் போட்டவன் இக்னேஷியஸ், பழுது அவன் கையில், இன்றோடு அவனுக்கு வேலையில்லை. கோட்டுகாலில் கடல்வேலையை விட்டு இரண்டு பிள்ளைகளோடு இங்கே வாடகைக்கு வந்தவன்.

ரத்னபாய் மேலே ஏறி, மார்கிரெட்டின் பழைய அலுமினியச் சருவப்பானையைக் குழிமேல் கவிழ்த்தாள். எப்போதும் குழாயை அடைத்த பிறகுதான் மூடுவார்கள். இன்று குடம் நிறையட்டும் என்று மார்கிரெட் அடைக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கருவி அடங்கிவிட்டது. சருவத்தை எடுத்தாள்; அடித்தது. கவிழ்த்தாள், அடங்கியது.

அலுமினியம் துடிப்பை வெளியே விடவில்லை. பெட்டியில் மழை விழுமே என்று வீடுவீடாகச் சொன்னவள் அவள்தான். "சருவமோ தகரமோ வச்சு மூடுங்க, மக்கா." அதைத் தட்டாமல் கேட்ட வீடுகள்தான் இருபத்திரண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். வாயை மூடிக்கொண்டால் இக்னேஷியஸ் போவான். திறந்தால் அவள் போவாள். களைத்த உடம்பு மூடிக்கொள்ளத்தான் சொன்னது. அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எலே இக்னேஷியசே, ஒனக்க கைக்குற்றம் இல்லலே. எனக்க வாய்க்குற்றமாக்கும்."

சொல்லி முடிக்கும்வரை கேட்டான். கோபப்படவில்லை. "குழிக்கு ஒண்ணு வீதம் பிளாஸ்டிக் மூடின்னு ஒப்பந்தக் கரார் கடுதாசியில உண்டுல்லா? அதை ஒப்பந்தக்காரரு தந்திருந்தா நீங்க எதுக்கு சருவத்தைத் தேடப் போறிய?"

ஏழு மணிக்கு ஜீப் வந்தது. சருவம் துடிப்பை மறைப்பதைக் கிருஷ்ணன்குட்டி சொன்னான். சுவாமிதாஸ் இறங்காமலே கேட்டார்.

"சருவம் வைக்கச் சொன்னது யாரு?"

"நானாக்கும், சாறே."

"அப்போ நீ போ. அவன் நிக்கட்டு."

"போறதுக்கு முன்ன ஒண்ணு கேக்கட்டா? மூடி எங்க, சாறே?"

"வரும்போ வரும். எறங்கி வேலையைப் பாருங்க."

இக்னேஷியஸ் ஈயம் பற்றவைக்கும் கோலைப் பைக்குள் போட்டான். "மூடி வராம ஒருத்தரும் எறங்க மாட்டோம். அக்காவும் வேலையில நிக்கணும்."

"ஒற்றசேகரமங்கலத்துல ஆளில்லையாலே? உச்சைப்பொழுதுக்கு முன்ன வேற ஆளைக் கொண்டுவாறேன், பாரு."

ஜீப் போனது. மூவரும் குழியோரத்தில் உட்கார்ந்தார்கள். மார்கிரெட் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். மறுபடி மழை பிடித்தது. கிருஷ்ணன்குட்டி தூங்கி விழுந்தான். ரத்னபாய்க்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஜீப் திரும்பியது; சுவாமிதாஸ் கொண்டுவந்த புது ஆட்கள் ஐந்து பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியருகே வந்தாள். ரத்னபாய் அவளைத் தடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், தன் தப்பையும் மறைக்காமல்.

"மூடி இல்லாம எறங்கினா, நாளைக்கு இதே பழி ஒங்க தலையிலயாக்கும், மக்கா."

அந்தப் பெண் சுவாமிதாசைத் திரும்பிப் பார்த்தாள். "எங்களுக்கும் மூடி கெடையாதா, சாறே?"

"எறங்குறதுன்னா எறங்கு. கேள்வி வேண்டாம்."

அவள் செருகியிருந்த சேலையை அவிழ்த்துவிட்டாள். ரத்னபாயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் நீங்கி இரியுங்க, அக்கா. நாங்களும் இருக்கணும், அஞ்சு பேருண்டு."