மணலில் நிற்கும் படகுத்துறை

ஊர் வரலாறு எழுதும் அளவுக்கு அந்தக் கடலோர ஊரில் ஒன்றும் நடந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் நகராட்சி எழுதத் துணிந்தது. நூறு வருஷமாக ஒரு படகும் ஒதுங்காத படகுத்துறைக்குக் கல்வெட்டு வைப்பதென்று முடிவாயிற்று.

அதைக் கட்டியது தன் கொள்ளுத்தாத்தா என்று நாற்பது வருஷமாக மனு எழுதிவந்தார் சுங்க அதிகாரி. கப்பலே வராத ஊரில் முப்பது வருஷம் வேலை பார்த்து, லஞ்சமே வாங்காமல் ஓய்வு பெற்றவர். "இல்லை, என் கொள்ளுத்தாத்தா" என்று இன்னொருவரும் சளைக்காமல் எழுதினார். இடையில் இவர் மகனும் அவர் மகளும் கல்யாணம் செய்துகொண்டதில் அவர் சம்பந்தியாகிவிட்டார். மனுக்கள் நிற்கவில்லை.

அன்று காலை நகராட்சி எழுத்தர் இருவரையும் அழைத்திருந்தார்.

"உக்காருங்கய்யா, உங்க சம்பந்தியும் வரட்டும்."

"காத்திருக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது" என்று அதிகாரி விறைப்பாக நின்றார்.

சம்பந்தி வந்ததும் எழுத்தர் இரும்பு அலமாரியிலிருந்து பூஞ்சை வாடையடிக்கும் கோப்பை எடுத்தார்.

"துறை ஏன் மணல்ல நிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. கட்டினவரு கடல் ஏறி நிக்கிறப்ப ஒரே ஒரு தடவை ஆழம் பாத்திருக்காரு. வத்தினப்புறம் பாக்கவே இல்ல. கப்பலெல்லாம் பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு. கையெழுத்தைக் கரையான் தின்னுடுச்சு. யாருன்னு நீங்கதான் சொல்லணும்."



"சம்பந்தி" என்றார் அதிகாரி குழைவாக. "இத்தனை நாள் வீம்புக்கு நின்னுட்டேன். அந்தப் பெருமை உங்களுக்குத்தான்."

"சேச்சே, பொண்ணைக் கொடுத்த வீடு. உங்க பெருமையை நான் பறிப்பேனா?"

"பரவால்ல, பறிச்சுக்குங்க."

கல்யாணத்தன்றுகூட இருவரும் இவ்வளவு மரியாதை காட்டிக்கொண்டதில்லை.

எழுத்தர் கடைசித் தாளைப் பிரித்தார். "ஏன் மறுபடி அளக்கலன்னு மேலிடத்துல கேட்டிருக்காங்க. பதில் இருக்கு: 'கடல் வற்றும்வரை காத்திருக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.'"

சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அதிகாரிக்குக் காது மடல் சிவந்தது. மறுத்துவிடலாம், கரையான் சாட்சி சொல்ல வராது. ஆனால் அப்படியொரு வாக்கியத்தை இன்னொரு வீட்டுக்குத் தாரை வார்ப்பதா?

"எங்க கொள்ளுத்தாத்தாதான்" என்றார். "முழுப்பேரும் போடுங்க. இடம் தேர்ந்தெடுத்தவர்னும் போடுங்க."

"கல் வெட்டறவர் மத்தியானம்தான் வருவாருங்கய்யா. நீங்க வீட்டுக்குப் போயிட்டு..."

"அவன் பேரைத் தப்பா வெட்டிட்டா?"

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்கு தலைமுறையில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் காத்திருந்தது அதுவே முதல்முறை. படகுத்துறைக்குத்தான் அது கொஞ்சம் தாமதம்.